களைப்பு என்னும் சொல்லும் ஒரு துணைப்பாடமும்

சென்ற மாதம் ஒரு காலைப்பொழுதில் வினோதினி தொலைபேசியில் அழைத்தாள். ஒரு காலத்தில் என்னிடம் இலக்கணம் பயின்றவள். இன்று தானே விரிவுரையாளர்.

"மிஸ், இப்ப தொழில்நோக்குத் துணைப்பாடம் எண்டு ஒண்டை எல்லாப் பீடத்திலையும் கொண்டுவரப் போகினம். அறிக்கை எழுதுற வேலை என்ரை தலையிலை விழுந்திட்டுது. உங்கடை காலத்திலை தமிழ்த்துறையிலை அப்பிடி ஒண்டு இருந்ததாமே, மெய்யோ?"

"ஓம், இருந்தது."

"அதாலை பிள்ளையளுக்கு என்ன பயன் கிடைச்சதெண்டு ஒரு வசனத்திலை சொல்லுங்கோவன். உதிலை ஒரு வசனத்துக்குத்தான் இடம் விட்டிருக்கினம்."

யோசித்துச் சொல்வதாகக் கூறித் தொலைபேசியை வைத்தேன். யோசித்தேன். ஒரு வசனம் வரவில்லை. வந்தவை ஒரு வைத்தியசாலை அறையும், அங்கே ஒரு நாற்காலியின் பின்னே நின்றிருந்த ஒரு பெண்ணும், அவள் வாயிலிருந்து பிறந்த ஒரு பிழையான சொல்லும்தான். ஆகவே வினோதினிக்குச் சற்று நீளமாகவே விடை எழுத வேண்டியதாயிற்று.

மலைநாட்டில் பட்டம் பெற்று அங்கேயே ஆய்வைத் தொடங்கியிருந்த நான், எண்பத்துமூன்றாம் ஆண்டு இனக்கலவரத்தின் பின்னர் ஊருக்குத் திரும்பினேன். அவ்வாண்டு முடிவதற்குள் எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியிலிருந்த பல்கலைக்கழகத்தில் உதவி விரிவுரையாளர் பதவி கிடைத்தது. பழைய உரைகளைப் படிப்பதும் படிப்பிப்பதுமாகச் சில ஆண்டுகள் ஓடின. நான் எதைக் கற்றேன், எப்படிக் கற்றேன் என்பவையெல்லாம் இங்கு வேண்டாதவை. நான் கற்றது போதாது என்று எனக்குக் காட்டிய சில மாதங்களைப் பற்றியே எழுதப்போகிறேன்.

எங்கள் துறைத்தலைவர் பேராசிரியர் அம்பலவாணர். வகுப்பறையில் அவருடைய வாயிலிருந்து பேச்சுவழக்குச் சொல் ஒன்றேனும் வாராது. எழுவாய் தொடங்கிப் பயனிலை முடியும்வரை ஒவ்வொரு வாக்கியமும் அச்சிலிருந்து எடுத்ததுபோல நிறைவுற்றிருக்கும். குரலை உயர்த்தியதை எவரும் கேட்டதில்லை. மாணவர் ஒருவர் பிழைவிட்டால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், சால்வைத் தலைப்பால் இரு கண்ணாடிகளையும் துடைப்பார், மீண்டும் அணிவார். அது முடியும்வரை எவரும் வாய் திறப்பதில்லை. கண்ணாடி துடைக்கப்படும் அந்த இடைவெளிக்குள் பெரும்பாலான பிழைகளை மாணவர்களே கண்டுகொள்வார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள், சிறப்புக்கலை வகுப்பின் முடிவில், பட்டம் பெற்றபின் என்ன செய்வதாக எண்ணம் என்று அவர் மாணவர்களைக் கேட்டார். கடைசியில் யோகராணி என்ற மாணவி எழுந்தாள். சுன்னாகத்துக்கு அண்மையில் வெங்காயம் செய்கிற குடும்பத்தவள்; எதையும் நேரே சொல்பவள்.

"ரீச்சர் வேலை கிடைச்சால் ரீச்சர், சேர். கிடையாட்டி வெங்காயந்தான்."

வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அன்று பிழைவிட்டவர் எவருமில்லை என்பதை நான் பிறகுதான் எண்ணிப்பார்த்தேன்.

சில நாள்களில் பீடச்சபைக்கு ஒரு முன்மொழிவு சென்றது. தமிழை முதன்மைப் பாடமாகப் பயில்வோர், விரும்பினால், தொழிலுக்கு உதவும் ஒரு பாடத்தையும் உடன் பயிலலாம், முதலாவதாக உரைபெயர்ப்பு. எழுத்தைப் பெயர்ப்பது மொழிபெயர்ப்பு; எதிரே நிற்பவரின் பேச்சை அந்தக் கணத்திலேயே பெயர்ப்பது உரைபெயர்ப்பு. அக்காலத்தில் போரினால் குடாநாட்டு வைத்தியசாலைகளில் நிபுணர் பலர் இல்லை. வெளிநாடுகளிலிருந்து தொண்டாற்ற வந்த வைத்தியர் சிலர் அவ்விடத்தை நிரப்பினர். நோயாளர் சொல்வது அவர்களுக்கு விளங்காது. அவர்கள் கேட்பது நோயாளருக்கு விளங்காது. இடையில் நிற்க ஆள் வேண்டியிருந்தது.

பீடச்சபையில் மூத்த விரிவுரையாளர் ஒருவர் கேட்டார்: "தமிழ் படிக்கிற பிள்ளையளை ஆசுப்பத்திரியிலை கொண்டுபோய் விட்டு என்ன செய்யப்போறியள், பேராசிரியர்? சூத்திரம் சொல்லிக் காய்ச்சலை இறக்கப்போகினமோ?"

சபை கொல்லென்று சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை பேராசிரியர் காத்திருந்தார்.

"காய்ச்சலை இறக்குபவர் வைத்தியர். இது காய்ச்சல் என்று வைத்தியருக்குச் சொல்ல ஒருவர் வேண்டும்."

பிறகு பெயரைப் பற்றி ஒரு விவாதம். முன்மொழிவைத் தட்டச்சுச் செய்தவர் 'உபபாடம்' என்று அடித்திருந்தார். பேராசிரியர் அதைத் திருத்தும்படி கேட்டார். 'உப' என்பதற்கு மூலமொழியில் 'அருகே' என்ற பொருளும் உண்டு எனினும், நம்மவர் வழக்கில் அது 'சிறியது', 'கீழ்ப்பட்டது' என்றே நின்றுவிட்டது என்றார். "இது முதன்மைப் பாடத்துக்குக் கீழே நிற்பதன்று, பக்கத்தில் நிற்பது. துணைப்பாடம் என்று எழுதுங்கள்." அவ்வாறே எழுதப்பட்டது. முதல் அணி மாணவரின் செய்முறைப் பெறுபேற்றைப் பார்த்த பின்னரே பாடத்தைத் தொடர்வதா என்று தீர்மானிக்கலாம் என்ற நிபந்தனையோடு சபை இசைந்தது. மாணவரைக் கொண்டுசெல்லும் பொறுப்பும் புள்ளியிடும் பொறுப்பும் என்னிடம் தரப்பட்டன.

பயிற்சியைப் பேராசிரியரே தொடங்கினார். விரிவுரை மண்டபத்தில் மூன்று நாற்காலிகளைக் கேட்டார். இரண்டை எதிரெதிரே வைத்தார். ஒன்றில் வைத்தியராக என்னை இருத்தினார். மூன்றாவது நாற்காலியை எடுத்து மூலையில் கவிழ்த்து வைத்தார்.

"உரைபெயர்ப்பவருக்கு நாற்காலி இல்லை. நோயாளரின் தோளுக்குப் பின்னே நிற்க வேண்டும். வைத்தியர் நோயாளரின் முகத்தைப் பார்க்க வேண்டும். உங்களைப் பார்க்கக் கூடாது. நோயாளர் 'நான்' என்றால் நீங்களும் 'நான்' என்க. 'அவர் சொல்கிறார்' என்று தொடங்குவீர்களாயின் அங்கே மூன்றாமவர் ஒருவர் முளைத்துவிடுவார். கூட்டாதீர்கள். குறைக்காதீர்கள். உங்களுக்கென்று ஒரு சொல் அங்கே கிடையாது."

பிறகு அவர் நோயாளராக இருந்தார். அதுவரை நாங்கள் காணாத ஒன்றை அன்று கண்டோம். செந்தமிழன்றி வேறொன்றும் பேசாத அந்த மனிதர் நாற்காலியில் ஒருபக்கமாகச் சரிந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ டொக்குத்தர், இஞ்சை கிடந்து முறுக்குது. சத்தி வாற மாதிரி வருது, வருகுதில்லை. ராத்திரி முழுக்க ஒரே அரியண்டம்" என்றார். வாந்தியைச் சத்தி என்பதும் தொல்லையை அரியண்டம் என்பதும் எங்கள் ஊர்ப்பேச்சு. புத்தூர்த் தோட்டக்காரர் ஒருவர் உடையும் குரலுமாக எதிரே வந்து அமர்ந்ததுபோல் இருந்தது. யோகராணியால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"எனக்கு வயித்துக்குத்து. நீ சிரிக்கிறாய்" என்றார் பேராசிரியர், அதே குரலில்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு, அவர் தோளுக்குப் பின்னே போய் நின்று, "எனக்கு இங்கே முறுக்குகிறது" என்பதை ஆங்கிலத்தில் சொன்னாள்.

நோய்ச்சொற்களுக்கான ஆங்கில நிகர்களை மாணவர் மனனம் செய்தனர். வருத்தம் என்பது எங்கள் ஊரில் நோய், பொதுத்தமிழில் துயரம். நோயாளர் "எனக்கு நெஞ்சு வருத்தம்" என்றால், அதைத் துயரம் தோய்ந்த நெஞ்சமாகப் பெயர்த்துவிடக் கூடாது என்று எச்சரித்திருந்தோம். இத்தகைய பொறிகளையெல்லாம் தேடித்தேடிக் கண்டுபிடித்தோம். களைப்பு என்னும் சொல்லில் பொறி இருக்குமென்று எவருக்கும் தோன்றவில்லை. களைப்பு என்றால் சோர்வு. பள்ளிக்கூடத்தில் எல்லாரும் படித்த நிகர்ச்சொல் அது. அகராதியும் அதையே சொல்லிற்று.

செய்முறைக்குரிய இடம் குடாநாட்டின் வடகரையில் இருந்த ஒரு வைத்தியசாலை. மின்சாரம் இல்லாத காலம், எரிபொருளும் அரிது. திருநெல்வேலியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் வல்லைவெளியில் காற்று எதிரே நின்று மறிக்கும். சேலையைச் செருகிக்கொண்டு மிதிக்கும் என்னை முந்திச் செல்லும் மாணவிகள், அப்பால் வேலிக்கரையில் நின்று, "மிஸ், காத்தை நாங்கள் பிடிச்சு வைச்சிருக்கிறம். கெதியா வாங்கோ" என்று கூவுவார்கள்.

அங்கே மகப்பேற்றுப் பிரிவைப் பார்த்தவர் நடுவயதைக் கடந்த ஒரு வெளிநாட்டுப் பெண் வைத்தியர். ஊரவர் அவரை வெள்ளையம்மா என்றனர். தமிழில் அவருக்குத் தெரிந்த சொற்கள் 'இருங்கோ', 'நோகுதோ' என்ற இரண்டே. அவ்விரண்டையும் எல்லாரிடமும் தாராளமாகச் சொல்வார்.

யோகராணியின் செய்முறைப் பரீட்சை நாள். நான் சுவரோரம் நின்றேன். மேற்பார்வையாளர் பேசக் கூடாது என்பது எங்கள் விதி. பிழையான சொல் ஒவ்வொன்றுக்கும் புள்ளி குறையும்; உரைபெயர்ப்பவர் தம் சொந்தக் குரலில் பேசினால் மிகுதியாகக் குறையும்.

உள்ளே வந்தவள் தவமணி. புத்தூரிலிருந்து தட்டிவான் என்னும் பயணிகள் வண்டியில் வந்திருந்தாள். முதற்பிள்ளை; வயிறு நன்கு தெரிந்தது. கணவன் துணிப்பையோடு வாசலில் நின்றான். வாசலிலிருந்து நாற்காலிக்கு வருவதற்குள் அவள் ஒருமுறை மேசையைப் பிடித்து நின்றாள். யோகராணி அவளுடைய தோளுக்குப் பின்னே போய் நின்றாள்.

என்ன செய்கிறது என்று வைத்தியர் கேட்டார். யோகராணி தமிழில் கேட்டாள்.

"களைக்குது, பிள்ளை. ஒரு குடம் தண்ணி தூக்கேலாது. வீட்டிலை எல்லாரும் கள்ளம் எண்டினம்."

வாசலில் நின்ற கணவன், "நான் அப்பிடிச் சொல்லேல்லை. அம்மாதான்" என்றான்.

"நீங்களும் சொன்னனீங்கள்."

தவமணி சொன்னதை யோகராணி கூட்டாமல் குறைக்காமல் பெயர்த்தாள்: "நான் சோர்ந்துபோகிறேன். ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியவில்லை. பாசாங்கு செய்கிறேன் என்று வீட்டார் சொல்கிறார்கள்." வைத்தியர் சிரித்தார். தவமணியின் கீழிமையை இழுத்துப் பார்த்தார், சற்று வெளிறியிருந்தது. அக்காலத்தில் எங்கள் கர்ப்பிணிகளுள் பலர் வெளிறித்தான் இருந்தார்கள். இரும்புச்சத்துக் குளிசைகளை எழுதத் தொடங்கினார். வெளியே வரிசை நீண்டிருந்தது. எழுதிக்கொண்டே, நன்றாக உறங்குகிறாயா என்று கேட்டார். அது விடைபெறும்போது கேட்கும் கேள்விபோலத்தான் ஒலித்தது.

"எங்கை நித்திரை? படுத்தால் களைக்குது. எழும்பிச் சுவரோடை சாய்ஞ்சு இருந்தால்தான் சுகம்."

யோகராணி வாயைத் திறந்தாள். "படுத்தால் நான் சோர்ந்துபோகிறேன்" என்பதன் ஆங்கிலம் பாதி வந்தது. பாதியில் நின்றது.

வைத்தியரின் பேனா ஓடிக்கொண்டிருந்தது. யோகராணியின் முகத்தை நான் பார்த்தேன். எதிரே எவரோ கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்ப்பவள்போல் அவள் நின்றாள்.

அவளுக்குள் நிகழ்ந்தது என்ன என்பதைப் பிறகு அவளே எனக்குச் சொன்னாள். ஒரு வாக்கியம் பொருள் தருவதற்கு மூன்று வேண்டுமென்று இலக்கணம் கூறும்: அவாய்நிலை, தகுதி, அண்மை. ஒரு சொல் மற்றொன்றை வேண்டி நிற்பது அவாய்நிலை. சொற்கள் அடுத்தடுத்து நிற்பது அண்மை. அவை தம்முள் பொருந்தும் பொருளுடையனவாதல் தகுதி. 'நெருப்பால் நனை' என்பதில் அவாய்நிலையும் அண்மையும் உள, தகுதி இல்லை. நெருப்பு நனைக்காது. அதுபோலப் படுக்கை சோர்வைத் தராது; போக்கும். ஆகவே 'படுத்தால் சோர்கிறேன்' என்பது வாக்கியமே அன்று. ஆனால் தவமணி சொன்னது நல்ல வாக்கியம். அப்படியாயின் பிழை தவமணியின் பேச்சில் இல்லை. தன் பெயர்ப்பில் இருக்கிறது. எங்கள் ஊரில் ஓடிவந்தவர் மூச்சிரைக்க நின்று "களைக்குது" என்பார். படியேறியவரும் களைக்குது என்பார். அங்கே களைப்பது உடம்பன்று, மூச்சு. சிறுவயது முதல் அவளும் அவ்வாறே சொல்லிவந்தவள். பள்ளிக்கூடத்து ஆங்கிலம் ஒன்றுதான் அதைச் சோர்வாக்கி வைத்திருந்தது.

எனக்கோ அது தோன்றவேயில்லை. அந்தச் சூத்திரத்தை அவளுக்குப் படிப்பித்தவள் நான். நெருப்பால் நனைப்பதைச் சொல்லி வகுப்பைச் சிரிக்கவைத்தவள். அது ஓர் உயிரின் பக்கத்தில் போய் நிற்கும் என்று நான் எண்ணியதில்லை.

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள்: "நான் பிழையாகச் சொல்லிவிட்டேன்."

வைத்தியர் நிமிர்ந்தார். யோகராணியைப் பார்க்கவில்லை, தவமணியைப் பார்த்தார். நாங்கள்தாம் அவரை அப்படிப் பழக்கியிருந்தோம். 'நான்' என்று ஒலித்தால் அது நோயாளர். பரவாயில்லை என்று அவர் தவமணியிடம் தலையசைத்தார். தவமணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவளும் பதிலுக்குத் தலையசைத்தாள். வைத்தியர் குளிசை எழுதிய துண்டைக் கிழித்து நீட்டினார். கணவன் அதை வாங்குவதற்காக உள்ளே வந்தான்.

"இல்லை, நான்! நான்!" என்றாள் யோகராணி.

இப்பொழுது வைத்தியர் தவமணியை இரக்கத்தோடு பார்த்து, "இருங்கோ, இருங்கோ" என்றார்.

அந்தத் துண்டு ஒரு கையிலிருந்து மறு கைக்குப் போய்க்கொண்டிருந்தது. அது போய்விட்டால் தவமணி புத்தூருக்குப் போய்விடுவாள். இரும்புச்சத்துக் குளிசையோடும் கள்ளம் என்ற பெயரோடும். பேச யோகராணிக்கு ஒரு சொல் இருக்கவில்லை. தன்மை ஒருமையை நாங்கள் அவளிடமிருந்து எடுத்து நோயாளருக்குக் கொடுத்திருந்தோம்.

அவள் தோளின் பின்னிருந்து நகர்ந்தாள். நாற்காலியைச் சுற்றி முன்னே வந்தாள். வைத்தியருக்கும் தவமணிக்கும் நடுவில், எந்த இடத்தில் எவரும் நிற்கக் கூடாது என்று நாங்கள் சொல்லியிருந்தோமோ அந்த இடத்தில் நின்றாள். உள்ளங்கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்தாள். ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: தவறு தன்னுடையது, தான் சொன்ன சொல் சோர்வு, நோயாளர் சொன்ன சொல் மூச்சிரைப்பு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மீண்டும் கேட்க வேண்டும்.

வைத்தியர் பேனாவை மூடி வைத்தார். "படுத்தால் மூச்சு இரைக்கிறதா?" என்று அவர் கேட்ட குரல் வேறு குரல்.

யோகராணி தோளுக்குப் பின்னே திரும்பிச் சென்றாள். கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. நடந்தால் இரைக்கிறதா, இரவில் மூச்சு முட்டி விழிப்பதுண்டா, இருமலில் இரத்தம் கண்டதுண்டா, சிறுவயதில் மூட்டுகள் வீங்கிக் காய்ச்சல் வந்ததுண்டா.

"ஓம், பள்ளிக்கூடம் போற காலத்திலை ஒருக்கா வந்தது. நாட்டுப் பரியாரியார் எண்ணெய் தந்து மாத்தினவர்."

வைத்தியர் தவமணியை இடப்பக்கமாகச் சாயவைத்து, மார்பின் ஓரிடத்தில் கேட்குங்குழாயை வைத்தார். கண்களை மூடிக்கொண்டார். இதயத் துடிப்பைக் கேட்டார். அந்தப் பழைய காய்ச்சல், இதயத்தின் வாயில்களுள் ஒன்றை ஒடுக்கிவைத்துவிட்டுப் போயிருந்தது. உடம்பில் இரத்தம் பெருகும் கர்ப்பகாலத்தில் அந்த ஒடுங்கிய வாயில் போதவில்லை. நீர் நுரையீரலுக்குள் தேங்கியது. வைத்தியர் அதைக் கணவனிடம் சொன்னார். வீட்டுக்கு அனுப்பியிருந்தால் ஒருநாள் படுத்தவள் எழும்பாதிருந்திருக்கலாம் என்றும் சொன்னார். யோகராணி அதையும் குறைக்காமல் பெயர்த்தாள். குறைத்திருந்தால் நல்லது என்று அக்கணம் எனக்குத் தோன்றிற்று. விதி அறிந்தவள் அவள்தான்.

கணவன் துணிப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "அப்ப அவ கள்ளம் பண்ணேல்லை" என்றான். அது கேள்வியாக இல்லை. யோகராணி அதையும் பெயர்த்தாள்.

அன்றே தவமணியை வைத்தியசாலையின் நோயாளர் விடுதியில் சேர்த்தார்கள். திரும்பும் வழியில், வல்லைவெளியில், யோகராணி சைக்கிளை நிறுத்தினாள்.

"மிஸ், நான் பெயில்தானே?"

விதிப்படி அப்படித்தான். மறுநாள் பேராசிரியரிடம் நடந்ததனைத்தையும் சொன்னேன். அவர் இடைமறிக்காமல் கேட்டார். அவள் முன்னே வந்து நின்ற இடத்தைச் சொன்னபோது கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"பிழையான சொல்லுக்குரிய புள்ளியைக் கழியுங்கள்."

"கழிச்சிட்டன், சேர். சொந்தக் குரலிலை பேசினதுக்கு?"

"அதைக் கழிக்க முடியாது. அவளுக்கென்று ஒரு சொல் கிடையாது என்று விதி செய்தவர்கள் நாம். இல்லாத சொல்லை அவள் தன் உடம்பால் சொல்லியிருக்கிறாள்." பிறகு, என் காதாரக் கேட்டிராவிட்டால் நம்பமாட்டேன், பேச்சுவழக்கில் சொன்னார்: "அவளின்ரை இடத்திலை நான் நிண்டிருந்தால் பேசாமல் விட்டிருப்பன், பிள்ளை."

அந்த வாரமே மூன்று நாற்காலிகள் மீண்டும் மண்டபத்துக்கு வந்தன. விதியில் ஒன்று சேர்ந்தது. உரைபெயர்ப்பவருக்கு ஐயம் எழுந்தால் கேட்கலாம், கேட்க வேண்டும். ஆனால் 'நான்' நோயாளருடையதாகவே இருக்கட்டும். உரைபெயர்ப்பவர் தம்மைப் படர்க்கையில் சுட்டிக்கொள்க. ஆங்கிலத்தில் அதற்குப் பெயர் உண்டு. தமிழில் நோயாளரிடம் என்னவென்று சொல்வது? 'உரைபெயர்ப்பாளர் கேட்கிறார்' என்றால் நோயில் கிடப்பவர் இன்னொருவரைத் தேடுவார் என்றாள் ஒரு மாணவி.

"வைத்தியசாலைக்குப் போகிறவருடன் கூடப் போகிறவரை நம்மவர் எப்படிச் சொல்வர்?" என்று பேராசிரியர் கேட்டார்.

"துணைக்குப் போறது எண்டு, சேர்."

"அப்படியாயின் நீங்கள் துணை."

யோகராணி தன் பரீட்சை முடிந்த பின்னரும் அந்த விடுதிக்குப் போய்வந்தாள். நானும் பெரும்பாலும் கூடப் போனேன். தவமணி முதுகின் பின்னே தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே இருந்தாள். நீரை இறக்கும் மருந்து கொடுத்தார்கள். உப்பு விலக்கப்பட்டிருந்தது. "உப்பில்லாத கஞ்சியைக் குடிச்சுக் குடிச்சு நாக்குச் செத்துப்போச்சு. இதையும் அவவுக்குச் சொல்லு, பிள்ளை" என்பாள். யோகராணி சொல்வாள். வைத்தியர் தம் நாக்கை நீட்டித் தலையில் அடித்துக்கொள்வார். பெயர்க்க ஒன்றும் இருக்காது.

பிள்ளைப்பேறு ஒரு காலை தொடங்கி நண்பகலில் முடிந்தது. நான் துணித்திரைக்கு இப்பால் இருந்தேன். அப்பால் நான்கு குரல்கள்: வைத்தியர், பேறு பார்க்கும் மருத்துவமாது, தவமணி, யோகராணி. இதய நோயுள்ளவள் முக்கக் கூடாது. முக்கினால் இதயம் தாங்காது. ஆனால் பிள்ளை வரும் நேரத்தில் முக்கச் சொல்வதே ஊர்வழக்கு. மருத்துவமாதும் பழக்கத்தால் "முக்கு பிள்ளை, முக்கு" என்று தொடங்கிவிட்டார். வைத்தியர் ஆங்கிலத்தில் தடுத்தார். யோகராணியின் குரல் எழுந்தது: "முக்காதேங்கோ அக்கா. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ. நான் எடுக்கிறன். நீங்கள் மூச்சை விடுங்கோ."

அந்த 'நான்' வைத்தியருடையது. அடுத்த கணம், "எனக்கு ஏலாது, நான் செத்துப்போவன்" என்றது தவமணியின் குரல். உடனே ஆங்கிலத்தில், "எனக்கு முடியாது, நான் இறந்துவிடுவேன்" என்றது யோகராணியின் குரல். அந்த 'நான்' தவமணியுடையது. ஒருவர் 'நான்' இன்னொருவர் 'நான்' ஆகி, திரையின் அப்பால் அச்சொல் ஓரிடத்திலிருந்து ஓரிடத்துக்குப் போய்க்கொண்டேயிருந்தது. தன்மை, முன்னிலை, படர்க்கை என்று ஆண்டாண்டாக நான் கரும்பலகையில் கோடு கீறிப் பிரித்திருந்தேன். அந்தக் கோடுகள் எங்கே போயின என்று தெரியவில்லை. வைத்தியர் ஆயுதம் கொண்டு பிள்ளையை எடுத்தார். பிள்ளை அழுதது. அதை எவரும் பெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஆனால் ஆபத்து கழியவில்லை. இந்நோய் உள்ளவர்க்குப் பிள்ளை பிறந்த அடுத்த நாள்களே மிகக் கொடியவை என்று வைத்தியர் சொல்லியிருந்தார். பிள்ளைக்கென்று உடம்பில் பெருகியிருந்த இரத்தமெல்லாம் அந்த ஒடுங்கிய வாயிலை நோக்கித் திரும்பும். நீர் மீண்டும் நுரையீரலில் ஏறினால் அவளைக் காப்பது அரிது. அதை முதலில் அறியக்கூடியவள் தவமணி ஒருத்தியே. கருவியேதும் அங்கில்லை, அவள் வாய்ச்சொல்தான் கருவி.

பிள்ளை பிறந்த மறுநாட் காலையில் நாங்கள் விடுதிக்குச் சென்றோம். தவமணி தலையணைகளில் சாய்ந்திருந்தாள், பிள்ளை பக்கத்தில். வைத்தியர் கட்டிலின் விளிம்பில் இருந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டார். யோகராணி அவள் தோளின் பின்னே நின்று தமிழில் கேட்டாள்.

தவமணி கண்ணைத் திறவாமலே சொன்னாள்: "களைப்பாக் கிடக்கு."

யோகராணி அதைப் பெயர்க்கவில்லை. ஆங்கிலத்தில் வைத்தியரிடம், உரைபெயர்ப்பவர் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறார் என்றாள். வைத்தியர் அசையாமல் காத்திருந்தார். யோகராணி குனிந்தாள்.

"அக்கா, இது துணை கேக்குது. களைப்பெண்டது மூச்சோ, உடம்போ?"

தவமணி கண்ணைத் திறந்தாள். விடை சொல்ல அவசரப்படவில்லை. உள்ளே மூச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்தாள், வெளியே விட்டாள். பிறகு பிள்ளையைப் பார்த்தாள்.

"உடம்புதான், பிள்ளை. உதைப் பெத்தவளுக்கு உடம்பு களைக்காதோ? மூச்சு நல்லாயிருக்கு."

வினோதினி, உனக்கு வேண்டிய ஒரு வசனத்தை என்னால் எழுத இயலவில்லை. நான் உனக்குத் தரக்கூடியது அந்தக் கேள்வி ஒன்றுதான். பீடச்சபை புள்ளிகளைப் பார்த்தது. பாடத்தைத் தொடர இசைந்தது. தொண்ணூற்றைந்தின் இறுதியில் நாங்கள் எல்லாரும் போரால் இடம்பெயர்ந்தபோது அது நின்றது. அந்த விவரங்களை நீ அறிக்கையில் எழுதிக்கொள்ளலாம்.

தவமணி சொன்னதை யோகராணி ஆங்கிலத்தில் சொன்னாள்: முதலில் மூச்சை, பிறகு உடம்பை, இரண்டுக்கும் இரண்டு சொற்கள். வைத்தியர் சிரிக்கவில்லை, ஒன்றும் எழுதவுமில்லை. தவமணியின் முதுகின் பின்னே கையை நுழைத்து, அடுக்கியிருந்த தலையணைகளுள் ஒன்றை மெல்ல உருவி எடுத்தார். தவமணி சற்றுத் தாழ்ந்தாள். இரைக்கிறதா என்று நாங்கள் மூவரும் அவளுடைய மூச்சைக் கேட்டோம். வைத்தியர் இன்னொன்றை எடுத்தார்.